வழியில் ஏறிய சீட்டுகள்

தங்கச்சி: அண்ணா, பொட்டியை அங்க வைக்காதே! உள்ள இருக்கிற லேப் சாம்பிள் குளிர்லயே இருக்கணும், வெயில்லயா வைப்பாங்க?

அண்ணன்: இத்தனை வருஷமா கூரியர்ல இருக்கேன், எனக்கே பாடம் எடுக்கிறா பாரு. கையெழுத்தைப் போடு... ஆமா, அன்னிக்கு ஏதோ சொன்னியே, சின்ன ஆர்என்ஏன்னு...

தங்கச்சி: என்ன திடீர்னு?

அண்ணன்: எனக்கில்ல. எங்க டிப்போவுல ஒருத்தன். குழந்தை இல்ல. ஆஸ்பத்திரியில கரு உண்டாக்குறாங்க, வைக்கிறாங்க... ஒட்டவே மாட்டேங்குதாம்.

தங்கச்சி: ஓ... டிப்போவுல ஒருத்தன். சரி, அவருக்கு டெஸ்ட் எடுத்தாச்சா?

அண்ணன்: எண்ணிக்கை, ஓட்டம் எல்லாம் பிரமாதமாம். அதனால பழி பூரா பொண்டாட்டி தலையில.

தங்கச்சி: இங்க வந்து இந்த மைக்ரோஸ்கோப்புல குனிஞ்சு பாரு.

அண்ணன்: அய்ய... தங்கச்சி பக்கத்துல நின்னுக்கிட்டு இதெல்லாம்...

தங்கச்சி: எலியோட விந்தணுதான், வெட்கப்படாம பாரு!

அண்ணன்: அடேங்கப்பா! என்னா அவசரம் இதுகளுக்கு! எங்க பசங்க பிச்சை வாங்கணும்.

தங்கச்சி: நாங்களும் இதுங்களை கூரியர்னுதான் நினைச்சோம். அப்பாவோட பங்கு மரபணுவை முட்டைகிட்ட குடுத்துட்டா வேலை முடிஞ்சுதுன்னு. ஆனா விரையை ஒட்டி ஒரு குழாய் இருக்கு. விரலளவுக்குச் சுருண்டு கிடக்கும், பிரிச்சா ஆறு மீட்டர்.

அண்ணன்: எலிக்கா!

தங்கச்சி: மனுஷனுக்கு! அதுக்குள்ள ஊர்ந்து வர்றப்ப, வழியெல்லாம் சின்னச் சின்ன ஆர்என்ஏ துணுக்குகளை ஏத்திக்கிட்டு வருது.

அண்ணன்: வழியில பிக்கப்பா? எதுக்கு?

தங்கச்சி: நீ பொட்டி மேல ஒட்டுவியே, ‘இந்தப் பக்கம் மேலே’, ‘முதல்ல இதைப் பிரி’ன்னு... கிட்டத்தட்ட அந்தச் சீட்டு மாதிரி. கருவுல எது எப்ப வேலையைத் தொடங்கணும்கிறதுல அதுக்கும் பங்கு இருக்கு. எலியோட குழாய் ஆரம்பத்துல இருக்கிற விந்தணுவை எடுத்துக் கரு உண்டாக்கினோம்...

அண்ணன்: சீட்டு ஏறாதது.

தங்கச்சி: கப்புனு பிடிச்சுக்கிட்டே! நிறைய கரு கர்ப்பப்பையில ஒட்டவே இல்ல. அப்புறம், வழி முழுக்க வந்ததுல இருந்து ஆர்என்ஏவை மட்டும் பிரிச்சு, மயிரிழையை விட மெல்லிசான ஊசியில அந்த மாதிரிக் கருவுக்குள்ள விட்டோம்...

அண்ணன்: விட்டு...?

தங்கச்சி: அந்தக் கூண்டைப் பாரு.

அண்ணன்: ... குட்டிங்க! ஏய், இதெல்லாம் உன் கையில நடந்ததா? பள்ளிக்கூடத்துக்கு உனக்கு ஷூ லேஸ் நான்தானே கட்டிவிட்டேன்... பெருமையா இருக்குடி.

தங்கச்சி: இது எலியிலதான்ணா. மனுஷங்களுக்கு வைத்தியமா இன்னும் வரல. ஆனா ரிப்போர்ட் நல்லா இருக்குன்னு ஆம்பளை கையை உதறிட்டுப் போயிட முடியாது. பொம்பளைதான் காரணம்னு சொல்லவும் முடியாது.

அண்ணன்: இதை அவன் அம்மாகிட்ட யாரு சொல்றது? வேற பொண்ணு பாக்கட்டுமாங்கிறாங்க.

தங்கச்சி: உன் ஃப்ரெண்டு என்ன சொன்னார்?

அண்ணன்: பாதிச் சாப்பாட்டுல எழுந்து போயிட்டான். குழந்தை இல்லாம இருந்துடுவான்... அவ இல்லாம இருக்க மாட்டான்.

தங்கச்சி: அந்த அம்மாவை நான் பாக்கணுமே.

அண்ணன்: பாக்கலாம்... சாயங்காலம் வீட்டுக்குப் போனா உனக்குக் கதவைத் திறக்கப்போறதே அவங்கதான்.

தங்கச்சி: தெரியும்ணா. அண்ணி போன வாரமே எல்லாம் சொல்லிட்டாங்க. இந்தப் பொட்டியை உன் கையிலதான் அனுப்பணும்னு டிப்போவுக்கு போன் போட்டதும் நான்தான். காலையில அம்மாவையும் இங்கதான் குனிய வச்சேன். பாத்துட்டு, ‘எனக்குத் தெரிஞ்ச ஒருத்தி மருமகளை வாய்க்கு வந்தபடி பேசிட்டா, எப்படிடி மன்னிப்புக் கேக்குறது’ன்னாங்க. பக்கத்து ரூம்ல அண்ணி இருக்காங்க, போய்க் கேளுன்னேன்... போனவங்க இன்னும் வெளியில வரல.