இடக்காது போயும் பேரத்துக்குப் படியாத ஏட்டு சங்கையா அவர்களுக்கு

காக்கிச் சட்டைக்குக் கண்ணியம் சேர்த்த காவலரே, வெம்பக்கோட்டை வெயிலிலும் வெடிமருந்துப் புகையிலும் வெளுக்காத நேர்மையரே, எங்கள் ஏட்டையா சங்கையா அவர்களே, வணக்கம்.

இன்று ஓய்வுபெறும் தங்கள் பணிக்காலப் பெருமைகளை வரிசையாகப் பாடத்தான் உட்கார்ந்தோம். கோபம் முந்திக்கொண்டது. ஆகவே ஒன்றை மட்டும் சொல்கிறோம்; சபையோர் கேட்கட்டும்.

இரண்டாயிரத்து மூன்று, தீபாவளி சீசன். தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அறை வெடித்தது. உள்ளே சிக்கியவர்களின் உறவினர்கள் வாசலில் கதறிக்கொண்டிருக்க, மேனேஜர் பின்வாசல் வழியே உரிமமில்லாத மருந்து லோடை வேனில் கடத்தப் பார்த்தார். சங்கையா வேனுக்குக் குறுக்கே நின்றார். மேனேஜர் இரும்புக் கம்பியால் அடித்த அடியில் அவருடைய இடக்காது அடியோடு செவிடானது. ரத்தம் வழிந்த காதை முந்தானை கிழித்துக் கட்டியவர் இருளம்மாள். அந்த அறையில் மகளைப் பறிகொடுத்தவர்.

கடமையில் இருக்கும் காவலருக்குக் கொடுங்காயம் செய்தால் பத்தாண்டு வரை சிறை என்கிறது சட்டம். அந்தச் சட்டத்தை யார் தலையில் இறக்கப் பார்த்தார்கள் தெரியுமா? கூட்டம் தாக்கியதாக எழுதி, இருளம்மாளை முதல் குற்றவாளியாக்கச் சொன்னார் அன்றைய அதிகாரி. கம்பெனி முதலாளியோ ஆப்பிள் பையோடு ஆஸ்பத்திரிக்கே வந்தார்.

“ஏட்டையா, மேனேஜர் ஒருத்தன விட்டுருங்க, கேசுல சேக்கப் பத்துப் பேரு தாரேன். எந்தத் தெருவுல வேணும்னு மட்டும் சொல்லுங்க.”

கத்தரிக்காய்க்குக்கூட இப்படிக் கொசுறு கிடையாதே என்று சங்கையாவுக்குத் தோன்றியது.

“காதுதான் மொதலாளி ஒண்ணு போச்சு. கண்ணு ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. ஆப்பிள எடுத்துட்டுப் போங்க, மேனேஜருக்கு உள்ள தேவைப்படும்.”

இருளம்மாள் பெயர் வழக்கில் ஏறவில்லை. மேனேஜர் பெயர் ஏறியது. அதற்குச் சன்மானமாகப் பதவி உயர்வு நின்றது, மாற்றலுக்கு மேல் மாற்றல் வந்து எங்கள் நிலையத்தில் முடிந்தது. மேனேஜர் ஜாமீனில் வந்து ஜம்மென்று ஆர்டர் பிடிக்கிறார். வழக்கு வாய்தாவில் கிடக்கிறது. “ரிட்டயர் ஆன மனுசன் எம்புட்டு நாளைக்குக் கோர்ட்டுக்கு அலைவாரு, பாத்துருவோம்” என்று அந்தப் பக்கம் சிரிக்கிறார்கள்.

ஏட்டையா, நூறாண்டு வாழ்க என்று இம்மாதிரி மடல்களில் மரியாதைக்கு எழுதுவார்கள். நாங்கள் விவரமாகத்தான் கேட்கிறோம்; வாய்தா நகரும் லட்சணத்துக்கு நூறும் வேண்டியிருக்கும். சுகர் மாத்திரையைத் தவறவிடாதீர்கள், காலையில் நடங்கள். சாட்சிக் கூண்டேறி நீங்கள் அந்த ஆளைக் கைநீட்டிக் காட்டும் நாளில் நாங்கள் அத்தனை பேரும் கோர்ட்டில் நிற்போம். அதுவரை நோயில் படுக்கவும் சாகவும் உங்களுக்கு லீவு கிடையாது.

இங்ஙனம்,
தங்களை வழியனுப்ப மனமில்லாத
நிலையக் காவலர்கள்
விருதுநகர் மாவட்டம், 2008