மார்கிரட் சந்தி

அழகன்: ஒரு கையெழுத்துதானே டீச்சர். இதுக்கா இவ்ளோ யோசன?

மார்கிரட்: படிச்சுப் பாக்காம வைக்க மாட்டேன். "காலங்காலமாக மார்கிரட் சந்தி என அழைக்கப்படும் எங்கள் ஊரின் பெயரை..." எந்தக் காலம் அழகன்? எனக்கே இன்னும் அறுபது ஆகல.

அழகன்: ஒரு பேச்சுக்கு எழுதினது.

மார்கிரட்: மொதல்ல சிங்களத்துல கலுதெனிய. வெள்ளக்காரன் வந்து ஹார்வுட் பஜார்னான். நம்ம ஆளுக அரிசி வாங்கின எடம்னு 'அரிசிக்கடை'ன்னாங்க. இப்ப ஹோட்டல்காரங்க 'மிஸ்ட் வேலி'ங்கிறாங்க. வச்சுட்டுப் போகட்டுமே.

அழகன்: நாளைக்குப் பிரதேச சபைக் கூட்டம். இந்த மனுவக் குடுக்கலன்னா ஊர்ப்பேர் போர்ட மாத்திருவாங்க...

மார்கிரட்: "பெயர் வந்த காரணம்"னு ஒரு எடம் காலியா கெடக்கே?

அழகன்: அது... நீங்களே எழுதிருங்க.

மார்கிரட்: மார்கிரட்னு யாரோ வெள்ளக்காரத் தொரசாணி இங்க குதிரையில இருந்து விழுந்தாளாம். பக்கத்து வீட்டு மீனம்மா சொல்லுது.

அழகன்: அதையே எழுதுவோமா?

மார்கிரட்: பொய்க்கு நான் கையெழுத்து வைக்கவா? ஹட்டன் பஸ்ஸுல கண்டக்டரா இருந்தது யாரு?

அழகன்: ...நாந்தான்.

மார்கிரட்: மத்த எடத்துலல்லாம் ஊர் பேரச் சொல்லிட்டு, இங்க மட்டும் "மார்கிரட் டீச்சர் எறங்குங்க"ன்னு கத்தினது?

அழகன்: நீங்க தூங்கிருவீங்கன்னு...

மார்கிரட்: தெனமுமா? பஸ்ஸே சிரிக்கும். அப்புறம் ஜனங்களே "மார்கிரட்டுக்கு ரெண்டு டிக்கட்"னு கேட்டாங்க. டீச்சர்ங்கிறது தேஞ்சே போச்சு.

அழகன்: நீங்க மாத்தலாகிப் போன பெறகும் எனக்கு வாயில அதான் வந்துச்சு டீச்சர். சொல்ல வேண்டியத அப்ப சொல்லல. கத்தினது மட்டுந்தான் மிச்சம். அதையும் அழிக்கிறாங்கன்னா... மனசு கேக்கல.

மார்கிரட்: ...பேனாவக் குடுங்க.

அழகன்: என்ன எழுதுறீங்க?

மார்கிரட்: "கண்டக்டர் போட்ட சத்தத்தால் வந்த பெயர்." உங்க பங்கு அவ்ளோதான்.

அழகன்: அப்ப உங்க பங்கு?

மார்கிரட்: அத எழுத முடியாது. அப்ப நான் இருந்த வீடு அடுத்த ஸ்டாப்பு அழகன். மொத நாளே நீங்க தப்பா எறக்கி விட்டுட்டீங்க. திருத்தினா என் பேரச் சொல்லிக் கத்துறத நிறுத்திருவீங்கன்னு... மூணு வருஷம் மழையிலயும் நடந்தே போனேன்.