மாற்றிய சாவி

ஹலோ... ஹலோ, அக்கா! நான்தான்... ஆமா, நான் வேல பாக்கற ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் ரூம்லேருந்துதான் பேசறேன். என் செல்லு செத்துப்போச்சு... இல்லக்கா, ஆபரேஷன் இன்னும் ஆரம்பிக்கல. அதுக்குத்தான் கூப்பிட்டேன்.

...

எங்க அண்ணன் ஏணியிலேருந்து விழுந்தாருல்ல, தலைக்குள்ள ரத்தம் கட்டியிருக்காம். வெளியூர்ல இருக்கற பெரிய டாக்டர் ஸ்கேன் படத்தப் பாத்துச் சொன்னாத்தான் இங்க கத்தி வைப்பாங்க. படம் போகவே மாட்டேங்குது!... ஆமா ஆமா, லைன் நல்லாத்தான் இருக்கு. எந்த சைட்டு பேரப் போட்டாலும் 'கெடைக்கல, கெடைக்கல'ங்குது.

... அண்ணி செல்லுல படம் புடிச்சும் அனுப்பியாச்சு. மங்கலா இருக்குன்னுட்டாரு.

... திட்டாதீங்கக்கா, மொதல்ல கேளுங்க. பேரச் சொன்னா நெட்டுல வழி காட்டுதே, நம்ம கம்ப்யூட்டர் குழுவோட சோதனை ரூட் சர்வர், அது பக்கம் ஆஸ்பத்திரி மொத்தத்தையும் திருப்பி விட்டது நான்தான்.

... தெரியும்! அவங்கவங்க வீட்டு மிஷின மட்டும்தான் திருப்பணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னீங்க. கூட்டத்துல ஆளாளுக்கு 'எங்க சர்வர்கிட்ட இத்தன பேரு வழி கேட்டாங்க'ன்னு காட்டறாங்க. நான் மட்டும் ஈ ஓட்டிக்கிட்டிருந்தேன். புத்தி கெட்டுப்போச்சு.

... என்னது? காலையிலயா? பதில் நெசந்தானான்னு ஒத்துப் பாக்கற கையெழுத்துச் சாவிய மாத்திட்டீங்களா?... மெயில எங்க பாத்தேன், அண்ணன் பக்கத்துலயேதான் ஒக்காந்திருந்தேன்!... ஐயோ. அப்ப ஆஸ்பத்திரிக்காக வழி கேக்கற இந்தப் பெட்டி பழைய சாவிய வச்சுக்கிட்டு, வர்ற பதிலெல்லாம் பொய்னு தூக்கிப் போடுது.

... சரி, சரி. ஊர் உலகத்துக்கே வழி சொல்ற சர்வர் பக்கமே திருப்பிடறேன். சொல்லுங்க... ம்... ம்... மாத்தியாச்சு... இருங்க இருங்க, தப்பா அடிச்சுட்டேன்... ம். அதோட சாவியையும் வச்சாச்சு. ஒரு வாட்டி படிங்க, ஒத்துப் பாக்கறேன்... சரி... சரி...

இதோ, முடிஞ்சுது அண்ணி! நீங்க டாக்டர்கிட்ட இருங்க, நான் வந்துடறேன்.

... அண்ணிதான்க்கா. போயிட்டாங்க. 'நீ இருக்கறப்ப எனக்கென்ன பயம் தம்பி'ங்கறாங்க. யாரால இந்த வெனைன்னு அவங்களுக்குத் தெரியாது.

... சொல்லிடறேன். அண்ணன் கண்ணு முழிச்சதும் நானே சொல்லிடறேன். முழிக்கலேன்னா...

... சரி, பேசல. வாய மூடிக்கறேன்.

... இப்ப பெட்டிய நிறுத்தி மறுபடி போடணும், அவ்வளவுதானே? அப்ப இந்த போனும் போயிடும்க்கா, பேரு கேக்காட்டியும் இதுவும் அது வழியா நெட்டுலதான் ஓடுது... ம், வேற வழி இல்ல. நான் திரும்பக் கூப்பிடலேன்னா நீங்க கெளம்பி வந்துடுங்க. அண்ணிகூட யாராவது இருக்கணும். என்னால அவங்க மூஞ்சியில முழிக்க முடியாது.

... பயமாத்தான் இருக்கு. ரொம்ப பயமா இருக்கு. நீங்களா வச்சுடாதீங்க, கட்டாகற வரைக்கும் லைன்லயே இருங்க... இருக்கீங்களா?... அழுத்தறேன்... அக்கா, ஒருவேளை அண்ணன்—