திருப்பி மாட்டிய ஃபோர்க்

வழக்கின் தன்மை கருதி என் பெயரும் முகவரியும் தனித்தாளில் எழுதி, உறையில் வைத்து ஒட்டப்பட்டுள்ளன. என் வயது முப்பத்தொன்று. திருமணம் ஆகவில்லை. தொழில் சைக்கிள் மெக்கானிக். மலைப்பாதையில் ஓட்டும் சைக்கிள்களைப் பழுது பார்ப்பதும், சக்கரத்துக்குக் கம்பி கோத்துக் கோட்டம் எடுப்பதும் நான் செய்யும் வேலை. அதனால் தொழிலில் இருப்பவர்கள் என்னைக் 'கோட்டம்' என்றே கூப்பிடுவார்கள். இந்த வழக்கில் முதல் எதிரியாகச் சேர்க்கப்பட்டிருப்பவர் என் அக்காவின் கணவர். அவரை நான் அத்தான் என்று கூப்பிடுவேன். அக்கா என்னைவிடப் பதினோரு வயது மூத்தவள். அம்மா இறந்த பிறகு எனக்குத் தலை பின்னி, பள்ளிக்கூடம் அனுப்பி வளர்த்தவள் அவள்.

நான் வேலை பார்த்துவந்த சைக்கிள் கடை இருந்த கட்டடத்தை இடித்துவிட்டதால் எனக்கு வேலை இல்லாமல் போயிற்று. அதைக் கேள்விப்பட்ட அக்கா போன் செய்து, "தனியா உக்காந்து சுவத்தப் பாத்துட்டு என்ன பண்ணப்போறே? இங்க வந்துடு. அத்தான் பழைய சைக்கிள் வாங்கி வித்துட்டிருக்காரு, உன்ன மாதிரி கை வேணுமாம்" என்று சொன்னதன் பேரில், என் கருவிப்பெட்டியையும் ஒரு துணிப்பையையும் எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். வேலை செய்யும் இடம் வீட்டின் பின்புறம், முன்பு சலவைக்கடையாக இருந்த அறை. சந்துப் பக்கம் ஒரு ஷட்டர் உண்டு. இன்னொரு கதவு அக்காவின் சமையலறைக்குள் திறக்கும். அந்தக் கதவின் தாழ்ப்பாள் சமையலறைப் பக்கம்தான் இருக்கிறது. ஜன்னல் கிடையாது. மூலையில் ஒரு சிறிய குளியலறை இருக்கிறது. நான் அந்த அறையிலேயே படுத்துக்கொண்டேன், அதைப் பற்றி அப்போது எனக்குக் குறை ஒன்றும் தோன்றவில்லை.

அத்தான் அதற்கு முன்பு சோபா, மெத்தை விற்றவர். சைக்கிளைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஏலத்தில் எடுத்தது என்று சொல்லி வண்டிகளை வேனில் கொண்டுவந்து இறக்குவார், நான் கழுவிப் பிரித்துச் சரிசெய்து கொடுப்பேன், அவர் போனில் படம் எடுத்து இணையத்தில் போட்டு விற்பார். வேலை எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. அதன் பிறகு ஒருநாள் வந்த வண்டிகளில் ஒன்றின் முன் சக்கரத்தைக் கழற்றும்போது, காற்றுத்துளைக்குப் பக்கத்தில் இருந்த கம்பியின் திருகு மட்டும் கறுப்பாகவும் மற்றவை எல்லாம் சிவப்பாகவும் இருப்பதைப் பார்த்தேன். அது என் அடையாளம். நான் கோக்கும் எல்லாச் சக்கரத்திலும் அப்படி ஒன்று வைப்பது என் பழக்கம். அந்தச் சக்கரத்தைப் பழைய கடையில் ஓர் ஓவிய ஆசிரியருக்காக நான் கோத்துக்கொடுத்தேன். அவர் தன் வண்டியை யாருக்கும் இரவல்கூடக் கொடுக்காதவர். அதன் பிறகு மற்ற வண்டிகளையும் பார்த்தேன். பலவற்றில் பூட்டுக் கம்பியை அறுத்த கீறல் இருந்தது.

அன்று சாயங்காலம் அத்தானிடம், இவை திருட்டு வண்டிகளா என்று நேராகவே கேட்டேன். அவர் கோபப்படவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "பிரிச்சது யாரு, நீ. மாத்தி மாட்டினது யாரு, நீ. எல்லாத்துலயும் உன் கைரேகைதான் இருக்கு. நான் தொட்டதே இல்லையே" என்று சொன்னார். நான் போகிறேன் என்று சொன்னேன். அவர் சரி என்று எழுந்து, ஷட்டரை இறக்கி வெளியே பூட்டிக்கொண்டு போனார். சமையலறைக் கதவைத் தள்ளிப் பார்த்தேன். தாழ் போட்டிருந்தது. என் போன் சார்ஜில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். தேடியபோது போனும் இல்லை, பையில் இருந்த அடையாள அட்டையும் இல்லை.

கதவுக்கு அந்தப் பக்கம் அக்கா பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டதால் கூப்பிட்டேன்.

"அக்கா, கதவத் திற."

"மெதுவா பேசு. முன்னறையில இருக்காரு."

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேங்க்கா. போயிடறேன், அவ்வளவுதான்."

"நீ சொல்ல மாட்டே, எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியணுமே." குழாயை மூடினாள். அதன் பிறகு, "நீ போயிட்டா அவர் கேக்கப்போறது என்னைத்தானே" என்று சொன்னாள்.

அதன் பிறகு தினமும் அக்கா தாழ்ப்பாளைத் திறந்து தட்டை உள்ளே வைத்துவிட்டு மறுபடி தாழ் போடுவாள். அவளைத் தள்ளிவிட்டு ஓடியிருக்க முடியாதா என்று இதைப் பதிவு செய்யும் அதிகாரி கேட்டதற்கு, முடிந்திருக்கும், அவள் என்னைவிட ஒல்லி என்று பதில் சொன்னேன்.

சொந்தக்காரர்கள் பார்த்தாலும் அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காக, ஒரு வண்டியின் சக்கரத்தை இன்னொன்றிலும் அதன் ஃபோர்க்கை மற்றொன்றிலும் மாற்றி மாட்டும்படி அத்தான் சொன்னார். ஃபோர்க் என்பது முன் சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் கவை. மலை வண்டியில் அதற்குள் ஸ்பிரிங்கோ காற்றோ இருக்கும், பள்ளம் மேட்டில் அது அமுங்கி எழும். எல்லாவற்றையும் எல்லாவற்றிலும் மாட்ட முடியாது. மலை வண்டிச் சக்கரம் இருபத்தாறு, இருபத்தேழரை, இருபத்தொன்பது அங்குலம் என்று மூன்று அளவில் வரும், ஃபோர்க்கும் அந்தந்த அளவுக்குச் செய்ததாக இருக்க வேண்டும். அத்தான் ஒரு பச்சை வண்டியைக் காட்டி, அதில் இருந்த இருபத்தேழரை ஃபோர்க்கில் ஓவிய ஆசிரியரின் இருபத்தொன்பது அங்குலச் சக்கரத்தை மாட்டச் சொன்னார். பெரிய சக்கரம் இருந்தால் பார்க்க எடுப்பாக இருக்கும், சீக்கிரம் விலைபோகும் என்றார். மாட்டிப் பார்த்தேன். டயருக்கும் மேலே உள்ள வளைவுக்கும் நடுவே நகம் நுழையும் இடம்தான் இருந்தது. சமதரையில் ஓடும். சரிவில் இறங்கி ஒரு கல்லில் விழுந்தால் ஃபோர்க் அமுங்கும், டயர் போய் வளைவில் முட்டும், சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும், ஓட்டுகிறவர் ஹேண்டிலைத் தாண்டித் தலைகுப்புறப் போவார். இதை நான் அத்தானுக்குக் கையால் அமுக்கியே காட்டினேன்.

அவர் பார்த்துவிட்டு, "இது விக்கறதுக்கு உள்ள வண்டி. ஓட்டறது வாங்கறவன் பாடு" என்றார்.

நான் மாட்ட மாட்டேன் என்று சொல்லி ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டேன். அவர் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதன் பிறகு ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. வேறு சத்தம் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் அக்கா தட்டை இடது கையால் நீட்டினாள். வலது கையைப் புடவைத் தலைப்புக்குள் வைத்திருந்தாள். என்ன என்று கேட்டேன். "சாப்பிட்டுட்டு அவர் சொன்ன வேலைய முடிச்சிடு" என்றாள்.

நான் வேலையை முடித்தேன். ஆனால் பச்சை வண்டியின் ஃபோர்க்கை முன்பின்னாகத் திருப்பி மாட்டினேன். திருப்பி மாட்டினால் சக்கரம் முன்னால் தள்ளி நிற்பதற்குப் பதிலாக உள்ளே வாங்கிக்கொள்ளும். சும்மா உருட்டினால் உருளும். ஆள் ஏறி உட்கார்ந்தால் ஃபோர்க் சற்று அமுங்கி, டயர் வண்டிச் சட்டத்தின் கீழ்க்குழாயில் போய் இடித்துக்கொண்டு நகராது. யாரும் அதில் ஏறிப் போய் விழ முடியாது என்பது ஒரு காரணம். மலை வண்டி ஓட்டுகிறவன் எவன் படத்தைப் பார்த்தாலும் சிரிப்பான், சிரிப்பவன் நாலு பேருக்குக் காட்டுவான் என்பது இன்னொரு காரணம். அத்தான் அதைச் சுவரோரம் சாய்த்து நிறுத்திப் படம் எடுத்தார். "இப்பத்தான் வண்டி வண்டி மாதிரி இருக்கு" என்று சொல்லிக்கொண்டு போனார்.

அதன் பிறகு சில நாள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு காலையில் ஷட்டருக்கு வெளியே பேச்சுக்குரல் கேட்டது. "அண்ணே, ஃபோர்க் பின்பக்கம் பாத்துட்டிருக்கு. இத யார் மாட்டினது?" என்று ஒருவர் கேட்டார். அந்தக் குரல் எனக்குத் தெரிந்த குரல். அத்தான், மெக்கானிக் புதுசு, உடனே சரிபண்ணிவிடலாம் என்று சொல்லி, ஷட்டரை இடுப்பளவுக்குத் தூக்கி வண்டியை உள்ளே தள்ளினார். அதோடு தானும் குனிந்து வந்து என் பக்கத்தில் நின்றார். அவருக்குப் பின்னால் ஓவிய ஆசிரியரும் குனிந்து பார்த்தார். நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். அவர் என்னைப் பார்த்து வாயைத் திறந்தார். நான் தலையை அசைத்தேன், அத்தானுக்குத் தெரியாத அளவுக்குத்தான் அசைத்தேன். அவர் வாயை மூடிக்கொண்டு, முன் சக்கரத்தில் காற்றுத்துளைக்குப் பக்கத்தில் இருந்த அந்தக் கறுப்புத் திருகை விரலால் தொட்டுவிட்டு, "அவசரமில்ல, நிதானமா மாட்டட்டும். பிறகு வந்து எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஷட்டர் இறங்கியது. அவருக்குப் புரிந்ததா, பயந்து போய்விட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு அத்தான் தன் போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார். படத்துக்குக் கீழே வரிசையாகக் கிண்டல் எழுதியிருந்தார்கள். 'வண்டி வீட்டுக்குத் திரும்பிப் போக ஆசைப்படுது' என்று ஒருவர் எழுதியிருந்ததைப் படித்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்காக அத்தான் என்னை அடித்தார். அதன் பிறகு அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டு ஃபோர்க்கை நேராக மாட்ட வைத்தார். சிறிய சக்கரத்தையாவது மாட்டிவிடுகிறேன் என்று கெஞ்சினேன், அவர் கேட்கவில்லை. ஃபோர்க் நேரானதும் அந்த வண்டி மறுபடியும் ஓடக்கூடிய வண்டி ஆகிவிட்டது.

மறுநாள் மத்தியானம் அத்தான் அதைச் சந்தில் நிறுத்தி வைத்திருந்தபோது வேறு யாரோ வந்தார்கள். ஷட்டர் மூடியிருந்ததால் நான் பார்க்கவில்லை. ஒரு பெண்பிள்ளையின் குரல், "அப்பா, இதுல மேட்டுல இருந்து குதிக்கலாமா?" என்று கேட்டது. அத்தான், "குதிக்கறதென்ன, பறக்கலாம்மா" என்றார். நான் சமையலறைக் கதவைப் பார்த்தேன். கதவுக்குக் கீழே இருக்கும் இடுக்கில் அக்காவின் பாதம் தெரிந்தது. அவளும் கேட்டுக்கொண்டு நின்றாள். நான் சுத்தியலை எடுத்து ஷட்டரில் ஓங்கி அடித்தேன். "அதுல ஏறாதம்மா! சக்கரம் பூட்டிக்கும், செத்துப்போயிடுவே!" என்று கத்தினேன். மறுபடி மறுபடி கத்தினேன். வெளியே அத்தான், என் மச்சினிச்சிதான், கொஞ்சம் மூளை சரியில்லை, கண்டுகொள்ளாதீர்கள் என்று சொல்வது கேட்டது. பிறகு அந்த அப்பா, "வாடா போலாம்" என்று மகளைக் கூட்டிக்கொண்டு போகும் காலடிச் சத்தம் கேட்டது. வண்டியை அவர்கள் எடுத்துக்கொண்டு போகவில்லை.

அதன் பிறகு அத்தான் வீட்டைச் சுற்றி முன்வாசல் வழியாக வருவது கேட்டது. சமையலறையில் அவர், "நகரு" என்றார். அக்கா, "இப்ப வேணாம், கோவத்துல இருக்கீங்க" என்றாள். "நகருடி" என்று மறுபடியும் சொன்னார். கதவு ஒருமுறை அதிர்ந்தது. அக்காவின் முதுகு வந்து மோதியதால் அதிர்ந்தது என்று பிறகுதான் தெரிந்தது. அந்த நேரத்தில் முன்வாசல் மணி அடித்தது. நான் தப்பிவிட்டேன் என்று நினைக்கவில்லை, வாங்க வந்தவர்கள் இன்னும் யாரோ என்றுதான் நினைத்தேன்.

ஓவிய ஆசிரியர் கொடுத்த புகாரின் பேரில் வந்த காவலர்கள் முன்னறையில் அத்தானைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். அதன் பிறகு, இந்த வாக்குமூலத்தைப் பதிவு செய்யும் பெண் அதிகாரி சமையலறைக்கு வந்து, "இந்தக் கதவுக்குப் பின்னால யாரு இருக்கா?" என்று அக்காவிடம் கேட்டார்.

அக்கா, "யாரும் இல்ல" என்றாள்.

நான் கதவுக்கு இந்தப் பக்கம் கையில் சுத்தியலோடு நின்றிருந்தேன். அந்தப் பெண்பிள்ளைக்காகக் கத்தியவள் அப்போது ஏன் கத்தவில்லை என்று அதிகாரி கேட்கிறார். நான் கத்தினால் அக்கா போலீசிடம் பொய் சொன்னவள் ஆகிவிடுவாள். அதனால் கத்தவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று சொல்லத் தெரியவில்லை. அதன் பிறகு தாழ்ப்பாள் நகர்ந்தது. கதவைத் திறந்தது அக்கா. அதிகாரியோ மற்ற காவலர்களோ உடைக்கவில்லை, திறக்கச் சொல்லி மிரட்டவும் இல்லை. இதைத் தெளிவாக எழுதும்படி நான் கேட்டுக்கொண்டதால் எழுதப்படுகிறது.

அந்தத் தாழ்ப்பாளைத் தினமும் போட்டதும் அக்காதானா என்று கேட்கப்பட்டதற்கு, ஆம் என்று பதில் சொன்னேன்.

வேறு ஏதும் சொல்ல வேண்டுமா என்று கேட்கப்பட்டது. பச்சை வண்டியைக் காவல் நிலைய வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள், அதில் யாரும் ஏறிப் பார்க்க வேண்டாம் என்று சொன்னேன்.

எழுதி முடித்ததும் அதிகாரி முழுவதையும் எனக்குப் படித்துக் காட்டினார். அக்காவும் எதிரியாகச் சேர்க்கப்படுவதால், இதில் 'அக்கா' என்று வரும் இடங்களில் எல்லாம் 'இரண்டாம் எதிரி' என்று திருத்தி எழுதலாமா என்று கேட்டார். நான் சொன்னது எல்லாம் உண்மை, இதில் ஒரு வரியையும் மாற்ற வேண்டியதில்லை, அக்கா என்றே இருக்கட்டும் என்று சொல்லி இதன் கீழ் கையொப்பம் இடுகிறேன்.

(ஒப்பம்) சாட்சி
என் முன்னிலையில் பதிவு செய்து படித்துக் காட்டப்பட்டது.
(ஒப்பம்) விசாரணை அதிகாரி