காளானுக்குத் தனிக் குவாலி

மாட்டிறைச்சி சமைக்கும்போது அவசரப்படக் கூடாது, ஃபாதர். என் மகள் ஜோஆன் சிங்கப்பூரில் ஒரு ஸ்பானிய உணவகத்தில் வேலை செய்கிறாள். அங்கே கற்றுவந்து எனக்குச் சொல்லிக்கொடுத்த சமையல் இது. கனமான இரும்புச் சட்டியில் ஒலிவ எண்ணெய் விட்டு, துண்டுகளைச் சிவக்க வறுத்து, பூண்டும் மிளகாய்த்தூளும் போட்டு, சிவப்பு வைனை ஊற்றி மூடிவைக்க வேண்டும். பிறகு காத்திருக்க வேண்டும். எனக்கு அதுதான் வராது. மூடியைத் திறப்பேன், மூடுவேன், வாசல்வரை போய்த் திரும்பி வருவேன். இந்தப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலிட்டும்கூட என் கை ஓர் இடத்தில் நிற்கவில்லை.

ஜோஆன் கட்டிக்கொள்ள நினைத்த பையன் பெயர் ரூபேந்திரன். யோங் பெங்கில் வீடு, இந்துக் குடும்பம். நல்ல பையன், அதில் நான் குறை சொல்லவே மாட்டேன். அவன் அம்மா ராசம்மாவுக்கு இருதயத்தில் அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. அது நல்லபடியாக முடியப் பங்குனி உத்திரத்துக்கு அலகு குத்திக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டு விரதம் இருந்தான். தம்போயில் எங்கள் வீட்டுக்கு வரும்போது அவனுக்குக் காளான் வதக்க ஜோஆன் தனியாக ஒரு புது வாணலி, இங்கே குவாலி என்போம், வாங்கி வந்தாள்.

"அம்மா, இது அவருக்கு மட்டும். கறிச்சட்டிக் கரண்டியக்கூட இதுல போட்றாதீங்க."

அவளும் அவனோடு பால்குடம் எடுக்கப்போகிறேன் என்றாள். ஞாயிறு பூசைக்கு வருவதை அதற்கு முன்பே நிறுத்தியிருந்தாள். கணவர் போனபிறகு எனக்கு அவள் ஒருத்திதான். வயிறு எரிந்தது, ஃபாதர். அதை நான் மறைக்கவில்லை.

கரண்டியை நான் போடவே இல்லை. சொன்னபடி நடந்துகொண்டேன். இறைச்சி வெந்த சாற்றை, வைனும் சேர்ந்ததுதான், வடிகட்டி ஒரு குவளையில் எடுத்து அவன் காளானில் ஊற்றினேன்.

"காளானுக்கு இவ்ளோ ருசியா, ஆண்ட்டி?" என்று மறுபடியும் போட்டுக்கொண்டான். ஒருவர் வயிறாரச் சாப்பிடுவதைப் பார்த்தால் எனக்கு எப்போதுமே சந்தோஷம். அதன்பிறகு அவன் வந்தபோதெல்லாம் அப்படியே சமைத்தேன்.

விரதம் சுத்தமாக இருந்தால் அலகு குத்தும்போது இரத்தம் வராது என்பது அவர்கள் நம்பிக்கை. ரூபேந்திரனுக்கு வந்தது. கன்னத்திலிருந்து வழிந்து மஞ்சள் வேட்டியை நனைத்தது. குத்தியவர் கை தவறியிருக்கலாம், எனக்கு அதெல்லாம் தெரியாது. ஆனால் ராசம்மா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"முருகன் ஏத்துக்கல. இனிமே எனக்குக் கத்தி வேணாம்," என்று சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போக மறுத்துவிட்டார்.

ரூபேந்திரன் கன்னத்தில் பிளாஸ்திரியோடு என்னைத் தேடி வந்தான்.

"ஆண்ட்டி, கோவிச்சுக்காதீங்க. தெரியாம ஏதாச்சும் கலந்திருந்தா சொல்லிடுங்க. உங்க மேல கோவமில்ல லா. காரணம் தெரிஞ்சா பரிகாரம் பண்ணிட்டு, அம்மாவ ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன்."

அவனுக்குத் தேநீர் ஊற்றிக்கொடுத்தேன்.

"வெறும் காளான்தான்பா. வேற எங்கயாச்சும் சாப்பிட்டியா, நல்லா யோசிச்சுப் பாரு."

அவன் யோசித்தான். தேநீர் ஆறிப்போகும்வரை யோசித்தான். பார்க்கப் பாவமாக இருந்தது.

அடுத்த மாதமே ராசம்மா இறந்துபோனார். நானும் போய் மலர்வளையம் வைத்துவிட்டு வந்தேன். அம்மாவைக் கொன்றது தான்தான் என்று சொல்லிக்கொண்டே ரூபேந்திரன் ஜோஆனை விட்டு விலகிவிட்டான். அழுத பிள்ளையை நான்தான் மடியில் போட்டுத் தேற்றினேன். இப்போது அவள் என்னோடு பூசைக்கு வருகிறாள், நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இதெல்லாம் உங்களுக்கு விவரம் புரிய வேண்டுமே என்றுதான் சொன்னேன். தாய் என்று இருந்தால் யாரும் செய்வதுதான். என் மனதை அரிப்பது வேறு. காவடிக்கு முதல்நாள் வெள்ளிக்கிழமை. தவக்காலத்து வெள்ளி, வீட்டில் யாரும் இறைச்சி தொட மாட்டோம். அவனுக்கு ஊற்றும் சாற்றுக்காக மட்டும் கொஞ்சம் வேகவைத்தேன். பதம் பார்க்க ஒரு சின்னத் துண்டை வாயில் போட்டேன். துப்பியிருக்கலாம், விழுங்கிவிட்டேன். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை, ஃபாதர். அந்த ஒரு துண்டுக்குப் பாவமன்னிப்புக் கொடுங்கள்.