நெரிக்க ஓர் ஆள்

2007 செப்டம்பர் 4, செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்து நாற்பது. தவளக்குப்பத்திலிருந்து நகரத்துக்கு வரும் பேருந்தில், எனக்கு முன்னிருக்கையில் இரண்டு இளைஞர்கள் அமர்ந்திருந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவன் சொன்னான்:

“நீ பிரான்ஸ் போயிட்டா என் கழுத்த யாருடா நெரிப்பா?”

“சி.டி.ய குடுத்துட்டுதான போறேன். பாத்துக் கத்துக்க.”

“சி.டி. வந்து என் மேல ஏறி உக்காருமா? ஜியு-ஜிட்சு சண்டைக்கு ரெண்டு ஆள் வேணும்டா.”

“ஜப்பான்காரன் அத பிரேசிலுக்குக் கொண்டுபோனப்ப அங்க அவனுக்கு யாரு இருந்தா? ஆளத் தேடித்தான் சொல்லிக் குடுத்தான். அப்புறம் அவனுங்க தரையில படுத்தே சண்ட போடற மாதிரி மாத்திட்டானுங்க.”

“அவனுக்கு ஆள் கெடைச்சாங்க. எங்க உழவர்கரையில பசங்களக் கேட்டா, கராத்தேன்னா வரேன், தரையில எவன் உருளுவான்றானுங்க. அரிசி மூட்டையக் கட்டிப் பொரண்டுகூடப் பாத்துட்டேன். வலிச்சா நான் ரெண்டு தட்டு தட்டுவேன், நீ உடனே கைய விட்டுடுவ. மூட்டைக்கு அதெல்லாம் தெரியலடா.”

மற்றவன் அவன் பக்கம் திரும்பினான்.

“சனிக்கிழமதான ஃபிளைட்டு. வெள்ளி வரைக்கும் தெனம் வந்து நெரிக்கிறேன், போதுமா?”

ஜன்னலோரம் இருந்தவன் வெளியே பார்த்தபடி தலையை மட்டும் ஆட்டினான்.

மறுநாள் காலை, விடுதியில் நான் அதிகம் பேசியிராத அறைத்தோழியிடம், தேநீர் குடிக்க வருகிறாயா என்று கேட்டேன்.