மேஜரம்மாவிடம் நாலு கேள்வி

மீனாட்சி: ...அப்போ சண்டை போட்டுட்டுத்தான் வந்தீங்களா?

தனபாலன்: முதல்ல மோர் கொடு. மயிலாப்பூர்ல இருந்து தி.நகர் வர ஒரு மணி நேரமாயிடுச்சு.

மீனாட்சி: பொண்ணு காலேஜுக்குப் போய் மிலிட்டரியையே நாலு கேள்வி கேக்கப்போறேன்னு கிளம்புனீங்க. மிலிட்டரி என்ன சொல்லிச்சு?

தனபாலன்: கேலி பண்ணாத. ஆளெடுக்க மீசை வச்ச கர்னல் வருவாருன்னு பாத்தா, மேஜர்னு ஒரு பொம்பளப் புள்ள. மதுரைப் பக்கமாம்.

மீனாட்சி: அடடா. மீசைக்குன்னு தயார் பண்ணுன வசனமெல்லாம் வீணாப்போச்சே.

தனபாலன்: ஒரு மணி நேரம் பேசுச்சு. சாப்பாடு இலவசம், உடுப்பு இலவசம், பரங்கிமலையில பயிற்சி, முடிச்சா லெப்டினன்ட். நம்ம சேலைக்கடை ஆடித் தள்ளுபடி நோட்டீஸ்ல கூட இவ்வளவு போடமாட்டோம்.

மீனாட்சி: பனியில நிக்கணுமே, அது?

தனபாலன்: நிபந்தனைக்கு உட்பட்டதுன்னு நாம மூலையில போடுவோம்ல, அப்படிக் கடைசியில சொல்லுச்சு. நானும் எந்திரிச்சேன். ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்க வாராங்க, காபித் தட்டோட சல்யூட் அடிச்சுக்கிட்டு வருவாளான்னு கேட்டேன்.

மீனாட்சி: எல்லார் முன்னாடியுமா? பூஜா?

தனபாலன்: முன் வரிசையில, என்.சி.சி. உடுப்புல. யாரு பெத்த அப்பனோன்னு ஃபேனைப் பாத்துக்கிட்டு இருந்தா.

மீனாட்சி: சரி... அந்த ராணுவப் பயிற்சி முகாமுக்கான படிவம்? இன்னிக்குத்தான் கடைசி நாள். உங்க கையெழுத்து இல்லாம அவளை அனுப்பமாட்டாங்க.

தனபாலன்: போடமாட்டேன்னுட்டேன்.

மீனாட்சி: அழுதாளா?

தனபாலன்: எங்க அழுதா. பல்லைக் கடிச்சுக்கிட்டு விறைப்பா நின்னா. அந்த மேஜரும் வாதாடவே இல்ல, மீனா. "உங்க இஷ்டம் சார். நாலு இடம்தான், அடுத்த பொண்ணு காத்திருக்கு"ன்னு சொல்லிட்டுப் படிவத்தை மடிக்க ஆரம்பிச்சுடுச்சு.

மீனாட்சி: மடிச்சா மடிக்கட்டுமே.

தனபாலன்: முப்பது வருஷமா கடைப் பசங்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கிறதே அதுதானே. வந்தவங்க யோசிச்சா, பேசாத, சேலையை மடி. "இருப்பா, இன்னொருக்கா விரி"ன்னு அவங்களே சொல்வாங்க.

மீனாட்சி: நீங்க என்ன சொன்னீங்க?

தனபாலன்: ...பேனா இருக்காம்மான்னு கேட்டேன்.

மீனாட்சி: போட்டுட்டீங்களா?

தனபாலன்: ரெண்டு இடத்துல. நம்ம கடை வாசலையே மிதிக்காத அந்த மேஜர் புள்ளைக்கு இந்த வித்தையை யாரு சொல்லிக்கொடுத்ததுன்னுதான் தெரியல.

மீனாட்சி: நான்தான். நேத்து பூஜா போன்ல மேஜரம்மாகிட்ட பேசுனேன். வாதாடுனா அவரு மசியமாட்டாரும்மா, மெதுவா மடிங்க, மடிக்கும்போது அவரு முகத்தை மட்டும் பாக்காதீங்கன்னு.